பச்சைப் பொத்தான்

சொல்லத் தொடங்கும்போதே பயமாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் நான். முன்னே பின்னே மாற்றிச் சொல்லிவிட்டால் பழி என் தலையில்தான் விழும்.

என் வீட்டுக்காரர் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தபடியே சோப்புப் பெட்டிக்கும் பிஸ்கட் பெட்டிக்கும் படம் வரைந்து கொடுக்கிறார். வரைகிறார் என்பது பேச்சுக்கு. எந்த ஆப் இருந்தால் வேலை வேகமாக ஓடும் என்று தேடுவதிலேயே பொழுது ஓடிவிடும். நேரத்தைப் பார்க்க ஒன்று, நேரம் வீணாவதைப் பார்க்க இன்னொன்று, இரண்டையும் பார்க்கச் சொல்லி ஞாபகப்படுத்த வேறொன்று. விடாமல் வேலை தருபவர் பிஸ்கட் கம்பெனிக்காரர் ஒருவர்தான். அவரும் கைவிட்டால், பழைய மேனேஜர் முன்னால் போய்க் கை கட்டி நிற்க வேண்டும். அதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் புதிதாக ஒன்றைக் காட்டினார்.

"இதுதாண்டி கடைசி ஆப்."

"போன வாரமும் கடைசின்னீங்க."

"அது வேற கடைசி."

அதில் அவர் வேலைகள் வரிசையாக நிற்கும். ஒரு வேலை முடிந்ததும் பக்கத்திலிருக்கும் பச்சைப் பொத்தானை அழுத்தினால், வேலை கொடுத்தவருக்கு 'முடிந்தது' என்று தானாகச் செய்தி போகும். அந்த வரிசையில் நான் போடும் டீயையும் சேர்த்தார். தன் கணக்கையே என் போனிலும் திறந்து வைத்தார்.

"டீ போட்டதும் பச்சையை அழுத்து."

"அதான் கையிலயே கொண்டுவந்து குடுக்குறேனே, அப்புறம் எதுக்குங்க?"

"உனக்கு சிஸ்டம்னா என்னன்னு தெரியாது."

தெரியாதுதான். டீக்கு அழுத்த வேண்டியதை, அதற்குக் கீழே இருந்த பிஸ்கட் பெட்டிக்கு அழுத்திவிட்டேன். டீயோடு போய் விஷயத்தைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் போன் அலறியது. கம்பெனிக்காரர்.

"சார், முடிச்சுட்டீங்களாமே! அச்சகத்துல ஆள் காத்திருக்கு, அனுப்புங்க!"

இவர் அதுவரை ஒரு கோடுகூடப் போடவில்லை.

"கடைசியா ஒரு தடவை சரிபார்த்துட்டு, சாயங்காலம் அனுப்பிடுறேன் சார்" என்று அசடு வழிந்தார். நாற்காலியில் உட்கார்ந்தவர் அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. டீ ஆறி ஏடு கட்டியது. சாயங்காலம் படம் போய்ச் சேர்ந்தது. 'பிரமாதம்' என்று பதில் வந்தது.

"எப்ப அழுத்தினேன்னு எனக்கே ஞாபகமில்லடி. ஆனா பார்த்தியா, ஆப்போட மகிமையை!"

உண்மை என் நாக்கு நுனிவரை வந்தது. அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம். விழுங்கிவிட்டேன்.

இப்போதெல்லாம் தவறி அழுத்துவதில்லை. வேலையைப் போட்டுவிட்டு அவர் போனில் எதையோ தேடத் தொடங்கினால், அடுப்படியில் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, நன்றாகப் பார்த்தே அழுத்துகிறேன். சோப்புக் கம்பெனிக்காரரும் அடிக்கடி கூப்பிட ஆரம்பித்திருக்கிறார்.

இந்த ஆப்பையும் தூக்கிப் போட்டுவிடுவாரோ என்றுதான் பயம். அதற்கும் ஒரு வழி செய்துவிட்டேன். தினமும் காலையில் அவரிடம் கெஞ்சுகிறேன்.

"ஏங்க, அந்தச் சனியன் பிடிச்ச ஆப்பை எடுத்துடுங்களேன்."

"உனக்கு சிஸ்டம்னா என்னன்னு தெரியாது" என்கிறார்.