இறங்கச் சொல்லாத வண்டி

மனிதனுக்கும் இஞ்சினுக்கும் வருகிற எல்லா வியாதிக்கும் ஒரே காரணம் மூச்சு பத்தாததுதான் என்று முழு மனதோடு நம்பிய ஒரே ஆள் இந்த பூமியில் கள்ளக்குறிச்சியில்தான் இருக்கிறார். டூவீலர் மெக்கானிக். அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். ஊருக்கு அவர் மூச்சு அண்ணன்.

மாவட்டம் பிரிந்த புதிதில் என்னை அந்த ஊருக்கு மாற்றியிருந்தார்கள். புது மாவட்டம், புது அலுவலகம், பழைய நாற்காலி. கச்சிராயபாளையம் போகும் சாலையில் மாடியில் எனக்கு ஒரு அறை, அதற்கு நேர் கீழே அவருடைய மெக்கானிக் கடை. வந்த மறுநாளே என் வண்டி படுத்துக்கொண்டது. பிளக்கைக் கழற்றுவார், கார்புரேட்டரைப் பிரிப்பார் என்று எதிர்பார்த்து நின்றேன். அவர் ஏர் ஃபில்டரை மட்டும் உருவி, வாயில் வைத்து, கன்னம் இரண்டும் உப்ப ஒரே ஊது ஊதினார். உள்ளே இருந்த தூசி முழுக்க என் வெள்ளைச் சட்டைக்கு வந்து சேர்ந்தது. வண்டி ஒரே உதையில் கிளம்பிவிட்டது.

ஒரு முறை எங்கள் மேலதிகாரியின் ஸ்கூட்டரைச் சரிசெய்து ஒப்படைக்க அலுவலகத்துக்கு வந்தார். மேலதிகாரி அப்போது மூன்று பேரை ஒரே நேரத்தில் திட்டிக்கொண்டிருந்தார். மூச்சு கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்து, இஞ்சின் சத்தம் கேட்பதுபோல் அவரைக் கேட்டார். பிறகு நிதானமாக, "சார், அந்தக் காலர் பட்டன கொஞ்சம் கயட்டி வுடுங்க. காத்து போவாம இஞ்சின் ஹீட்டாவுது" என்றார். அலுவலகம் மொத்தமும் மூச்சை அடக்கிக்கொண்டது. மேலதிகாரி என்ன நினைத்தாரோ, பட்டனைக் கழற்றினார். அன்று சாயங்காலம் வரை யாருக்கும் மெமோ வரவில்லை.

இப்படி ஊருக்கெல்லாம் மூச்சு கொடுத்தவரின் சொந்த வண்டிக்குத்தான் மூச்சு பத்தவில்லை. அது ஒரு நூறு சிசி வண்டி, கல்யாணத்தின்போது வாங்கியது. அவர் மனைவி மல்லிகா அக்காவுக்குப் பிறந்த வீடு மலைமேல் கரியாலூர். கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறினால், ஊர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வளைவு உண்டு. கடைசி ஏற்றம் அதுதான். அதைக் கடந்துவிட்டால் ஊருக்குள் இறக்கம். அந்த வளைவு வந்ததும் வண்டி முனகும். மூச்சு பின்னால் திரும்பாமலே, "எறங்கு" என்பார். அக்கா இறங்குவார். வண்டி மேலே ஏறி நிற்கும். அக்கா நடந்து வந்து மறுபடி ஏறிக்கொள்வார். பதினோரு வருஷம் இப்படியே நடந்தது. போகப்போக அவர் "எறங்கு" என்று சொல்வதுகூட நின்றுபோய், வண்டி மெதுவானாலே அக்காவின் கால் தரைக்கு வந்துவிடும்.

விவகாரம் அக்காவின் தம்பி கல்யாணத்தன்று வந்தது. அக்கா பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, மடியில் சீர்த்தட்டு. அதே வளைவு. பின்னால் வேன் நிறையச் சொந்தக்காரர்கள் வந்துகொண்டிருந்தது இவருக்குத் தெரியாது. மடியில் தட்டு இருந்ததால் அக்காவின் கால் உடனே தரைக்கு வரவில்லை, பழைய பழக்கத்தில் "எறங்கு" என்று சொல்லிவிட்டார். பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அக்கா நடந்து ஏறியதை வேனே பார்த்துச் சிரித்தது. அதில் ஒருவர் தலையை வெளியே நீட்டி, "இன்னா மாப்ள, பொண்ண பாதி வழியிலயே இறக்கி வுட்டுட்ட?" என்று கேட்டும் விட்டார்.

அக்கா மேலே வந்து வழக்கம்போல் ஏறிக்கொண்டார். அடுத்த தடவை கரியாலூர் போக வேண்டி வந்தபோது, தான் பஸ்ஸில் போய்க்கொள்வதாகச் சொல்லிவிட்டார். அதற்கடுத்த தடவையும் பஸ். இரண்டு வருஷமாக மலைக்குப் பஸ்தான்.

"திட்டியிருந்தா பரவால்ல சார்" என்றார் மூச்சு என்னிடம். "பஸ்ஸுல போறேன்னு சிரிச்சிக்கினே சொல்லிட்டாங்க சார். அதான் தாங்கல."

பெரிய வண்டியாகப் பார்த்து மாற்றிக்கொள்ளலாமே என்று எல்லோரும் சொல்வதை நானும் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "இந்த வண்டி தான் அவங்கள எறக்கி வுட்டுச்சி. இதே வண்டி தான் ஏத்தினு போவணும்."

சூப்பர்சார்ஜர் என்ற சொல் கள்ளக்குறிச்சிக்குள் நுழைந்த வரலாறு இதுதான். இஞ்சின் தானாக இழுக்கிற காற்று போதாதென்றால், ஒரு பெல்ட் போட்டுச் சுற்றவைத்து, காற்றை வலுக்கட்டாயமாக உள்ளே திணிக்கிற சாமான். போன் வீடியோவில் பார்த்திருக்கிறார். வீடியோவில் பேசியவன் வெள்ளைக்காரன். மொழிபெயர்க்க என்னை அழைத்தார். எனக்கு விளங்கியதில் பாதியும், விளங்காததில் முழுவதும் நான் சொந்தமாகச் சேர்த்துச் சொன்னேன். அதனால் பிறகு நடந்தவற்றில் எனக்கும் பங்கு உண்டு.

முதலில் கொல்லுப்பட்டறையில் கைத்துருத்தி ஒன்றை இரவல் வாங்கி வண்டியில் கட்டினார். அது காற்றைவிடச் சாம்பலை அதிகம் ஊதியது. பிறகு உளுந்தூர்பேட்டையில் பழைய வண்டிகளை உடைக்கும் கடை ஒன்றில், ஏதோ ஒரு குட்டி ஜப்பான் காரிலிருந்து கழன்ற உண்மையான சாமான் கிடைத்தது. கடைக்காரர் அது என்னவென்றே தெரியாமல் கதவு காற்றில் அடிக்காதிருக்க முட்டுக்கொடுத்து வைத்திருந்தாராம். மூச்சு அதைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து சீட்டுக்காரர் தொடாமல் பார்த்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார்.

சூப்பர்சார்ஜர் வந்த செய்தி தெருவில் பரவியது. மறுநாள் காலையில் கடை வாசலில் நான்கு பேர். "அண்ணா, சூப்பர் சார்ஜர் வாங்கினு வந்துக்கிறியாமே. என் போன கொஞ்சம் சொருவேன், ரெண்டு பர்சன்ட் தான் கீது" என்றார் முதலில் நின்ற பூக்காரம்மா. மூச்சு பொறுமையாக அதன் தத்துவத்தை விளக்கினார். முழுவதையும் கேட்டுவிட்டு அந்த அம்மா, "அதெல்லாம் இருக்கட்டும், பின்னு சின்னதா பெருசா?" என்றார். அன்றோடு அந்தப் பெயரை விட்டுவிட்டு அதற்கு 'ஊதி' என்று பெயர் வைத்தார்.

ஊதியை இஞ்சின் பக்கத்தில் உட்காரவைக்கத் தகடு வெட்டினார், வெல்டிங் வைத்தார், இஞ்சின் தண்டில் ஒரு புல்லி கோத்தார், பெல்ட் மாட்டினார். ஸ்டார்ட் செய்தார். ஊதி ஊதிய வேகத்தில் ரப்பர் குழாய் பிடுங்கிக்கொண்டு பறந்து, எதிர் டீக்கடை பாய்லரில் போய் அடித்தது. கிளிப் போட்டு இறுக்கினார். இந்த முறை தகடே விரிந்துவிட்டது. அளவுக்கு மேல் சேருகிற காற்று வெளியேற ஒரு வழி வேண்டும் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

அன்று மத்தியானம் மல்லிகா அக்கா மாடிக்கே வந்துவிட்டார். "தம்பி, எங் குக்கர் விசில தூக்கினு போயி வண்டியில மாட்டிக்கினாரு. கேட்டா, வண்டி மூச்சு வுட எடம் வோணுமாம். நா பருப்ப எதுல வேவ வெக்கறது?"

உண்மைதான். விசிலின் எடையைச் சாணைக்கல்லில் தேய்த்துக் குறைத்து, குழாயின்மேல் பொருத்தியிருந்தார். வண்டியை முறுக்கினால் காற்று நிறைந்து விசில் அடிக்கும். அடங்கும். மறுபடி முறுக்கினால் மறுபடி அடிக்கும். இப்படி முறுக்கிப் பார்த்த பத்து நாளும் எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் சாதம் பதமாக வேகவில்லை. யார் வீட்டு விசில் என்று தெரியாமல் பெண்கள் அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா மட்டும் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவைத்தார். இத்தனையும் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரியாமலும் இல்லை.

அடுத்து சோதனை ஓட்டம். பின்னால் அக்கா எடைக்கு ஒரு ஆள் வேண்டும். அக்காவிடம் எடை கேட்கும் தைரியம் அவருக்கு இல்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். "சார், உங்கள வுட எங்க வூட்டுல ஒரு எட்டு கிலோ ஜாஸ்தி" என்று கண்ணாலேயே கணக்குப் போட்டு, எட்டு கிலோ நட்டும் போல்டும் போட்ட சாக்குப்பையை என் மடியில் வைத்தார். இந்தக் கணக்கை அக்காவிடம் மூச்சு விடக்கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டார். அக்கா இந்தப் பத்திரிகை படிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் இப்போது எழுதுகிறேன்.

அரசு ஊழியனான நான், சட்டப்படி சாலையிலேயே வரக்கூடாத ஒரு வண்டியில், மடியில் இரும்பை அணைத்துக்கொண்டு, விசில் அடித்தபடி அணைக்கட்டுப் பக்கம் மேடுகளில் ஏறி இறங்கினேன். வண்டி கியர் மாற்றும்போது ஒரு நொடி தயங்கும். பிறகு ஊதி பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டால் என் முதுகு ஒரு பக்கமும் உயிர் ஒரு பக்கமும் போகும். ஆனால் ஏறியது. உண்மையாகவே ஏறியது.

கல்யாணமான அந்தத் தம்பியின் குழந்தைக்கு இப்போது காதுகுத்து. அத்தை என்ற முறையில் அக்கா முன்னால் நிற்க வேண்டும். மூச்சு, அக்கா முன் போய் நின்று, "வண்டியில வரியா?" என்று மட்டும் கேட்டாராம். அக்கா யோசித்துவிட்டு, சரி என்றாராம். இதை என்னிடம் சொல்லும்போது அவர் குரலுக்கே மூச்சு பத்தவில்லை.

அவர்கள் முன்னால், சீர்த்தட்டும் பலகாரக் கூடையுமாக நான் என் வண்டியில் பின்னால். அணை தாண்டினோம். மலை ஏறினோம். ஏற்றத்துக்கு ஏற்றம் விசில் அடித்தது. அந்த வளைவு வந்தது. மூச்சு முதல் கியருக்கு மாற்றினார். வண்டி அந்த ஒரு நொடி தயங்கியது.

அக்கா இறங்கிவிட்டார்.

யாரும் சொல்லவில்லை. ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தவர், பதினோரு வருஷப் பழக்கத்தில், வண்டி தயங்கியதும் கால் ஊன்றி, புடவையைச் சரிசெய்துகொண்டு, சாலையோரம் நின்றார். அதே நொடியில் ஊதி பிடித்துக்கொண்டது. எண்பது கிலோ குறைந்த வண்டி வளைவில் சீறிப் பாய்ந்து, விசில் சத்தத்தோடு மேட்டுக்கு அந்தப் பக்கம் மறைந்துவிட்டது. நான் பிரேக் அடித்து நின்றேன். நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"அய்யய்ய, எறங்கிட்டனா?" என்றார் அக்கா.

மேலே நடந்ததை அந்தத் தம்பி பிறகு என்னிடம் சொன்னார். காதுகுத்துக்கு வந்திருந்த சொந்தம் மொத்தமும் விசில் கேட்டு வாசலுக்கு வந்திருக்கிறது. அன்றைக்கு வேனில் இருந்து சிரித்தவர்கள் எல்லோரும் வரிசையாக நின்றிருக்கிறார்கள். மூச்சு வாசலில் வண்டியை நிறுத்தி, முதுகை நிமிர்த்தி, பின்னால் திரும்பாமல், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "வூடு வந்துட்ச்சி. இப்ப எறங்கு" என்றிருக்கிறார். யாரும் இறங்கவில்லை. திரும்பிப் பார்த்திருக்கிறார்.

இங்கே வளைவில், என் வண்டியில் ஏறச் சொன்னேன். அக்கா மறுத்துவிட்டார். "உங்க வண்டி சும்மாவே ஏறும் தம்பி. அவரு வருவாரு, இருங்க" என்று ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டார். விசில் சத்தத்துக்குக் காது கொடுத்துக் காத்திருந்தோம். வரவில்லை. வந்தது சத்தமே இல்லாத வண்டி. வாசலில் பதறிப்போய்த் திருப்பி முறுக்கியதில் பெல்ட் அறுந்துவிட்டது. ஊதி சுற்றாவிட்டால் இஞ்சினுக்குக் காற்றே கிடையாது. செத்த வண்டியை மேடுவரை தள்ளி, அங்கிருந்து உருட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறார். வண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து அக்காவின் கையைப் பிடித்துப் பார்த்தார், முழங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"வியுந்துட்டியா? அடி பட்டுட்ச்சா?"

"நா எங்க வியுந்தேன். எறங்குனேன்."

"நா எறங்கச் சொல்லலியே."

"நீங்க சொல்லலங்க. காலு எறங்கிட்ச்சி."

மூச்சு அப்படியே சாலையில் உட்கார்ந்து அழுதுவிட்டார். அத்தனை பெரிய மனிதர் அழுது நான் பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் சீர்த்தட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார். எழுந்தார். வண்டியை நிமிர்த்தி ஸ்டாண்டு போட்டு, பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, பூவைச் சரிசெய்துகொண்டார்.

"எடுங்க வண்டிய" என்றார்.

"பெல்ட் போய்ட்ச்சிம்மா. ஓடாது."

"ஓடாங்காட்டி போவுது. நா எறங்க மாட்டேன்."

கொஞ்ச நேரம் மூச்சுக்குப் புரியவில்லை. புரிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஹேண்டில்பாரைப் பிடித்தார். என் வண்டியை ஓரமாகப் பூட்டிவிட்டு நான் பின்னால் போய்க் கை கொடுத்தேன். எட்டு கிலோ என்று அவர் போட்ட கணக்கு கம்மி என்பது எனக்கு அந்த ஏற்றத்தில் தெரிந்தது. சீர்த்தட்டையும் கூடையையும் மடியில் வைத்துக்கொண்டு அக்கா ராணி மாதிரி உட்கார்ந்திருந்தார். ஐந்தாறு இடத்தில் நின்றோம். நின்ற ஒவ்வொரு இடத்திலும் முந்தானையால் புருஷன் கழுத்து வியர்வையைத் துடைத்தார். என்னிடம், நீங்களும் கொஞ்சம் மூச்சு வாங்கிக்குங்க தம்பி என்றார்.

மேட்டின் உச்சியில் மூச்சும் ஏறி முன்னால் உட்கார்ந்தார். அங்கிருந்து இறக்கம். இரண்டு பேரும் சத்தமில்லாமல் உருண்டு ஊருக்குள் போய் வாசலில் நின்றார்கள். நான் மூச்சிரைக்க ஓடிப் போய்ச் சேர்ந்தபோது சொந்தம் மொத்தமும் சிரிக்கத் தயாராகச் சுற்றி நின்றிருந்தது. வேனிலிருந்து அன்று தலையை நீட்டியவர்தான் கேட்டார், இந்தத் தடவையும் பாதி வழியில் இறக்கி விட்டானா என்று.

"எறக்கி வுட்டாரா? வளைவுல இருந்து வண்டி மேல உக்காந்தே தான் ஏறி வந்தேன். வோணும்னா தம்பிய கேளுங்க, அது பின்னாலயே வந்துச்சி" என்றார் அக்கா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம், நான் பின்னாலேயேதான் வந்தேன், ஒரு நொடிகூட விலகவில்லை என்றேன். அரசு ஊழியன் சொன்னதால் நம்பினார்கள்.

ஊதி இப்போது மறுபடியும் கதவுக்கு முட்டாக இருக்கிறது, மூச்சு வீட்டுக் கதவுக்கு. தேய்த்த விசில் குக்கருக்குத் திரும்பிவிட்டது. எடை குறைந்ததால் அவசரப்பட்டு அடிக்கிறதாம், மற்ற வீட்டில் மூன்று என்றால் அக்கா வீட்டில் ஏழு விசில். மலைக்கு அக்கா அந்த வண்டியில்தான் போகிறார். வளைவு வந்தால் மூச்சுதான் இறங்குகிறார்.

எனக்கு அப்புறம் இரண்டு முறை மாறுதல் வந்துவிட்டது. இத்தனை வருஷ உத்தியோகத்தில் உருப்படியாக என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால், கரியாலூர் போகிற வழியில் ஒரு மேட்டில், அந்த மனிதனுக்குப் பின்னால் நின்று தள்ளினேன் என்றுதான் சொல்வேன்.