ஹாஜி மிஸ்அல் குடிக்காமல் வைத்த காப்பி

பஸ்ரா,
ஆகஸ்ட் மாதம், கரண்ட் இல்லாத ஒரு மத்தியானம்.

பெருமதிப்புக்குரிய ஹாஜி மிஸ்அல் அண்ணன் சமூகத்திற்கு,

உங்கள் சித்தப்பா மகன் ஜப்பார் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் என் மனைவி ஸாஹிராவும் மகள் ரிஹாமும் இறைவன் கிருபையால் சுகமாக இருக்கிறோம். எங்கள் வீட்டு லேப்டாப் மட்டும் சுகமாக இல்லை. அதை விளக்கத்தான் இந்தக் கடிதம். நீங்கள் போனை எடுப்பதில்லை என்பதால், சுவீடனில் உங்கள் ஊரான மால்மோவுக்குத் திரும்பும் பல் டாக்டரம்மா கையில் கொடுத்தனுப்புகிறேன். கோபத்தில் கிழித்துப் போடாமல் கடைசி வரை படிக்க வேண்டுகிறேன்.

வெள்ளிக்கிழமை, அங்கே உங்களோடு இருக்கும் உங்கள் தம்பி மகன் லைத்துக்கு எங்கள் ரிஹாமைப் பெண் கேட்டு நீங்கள் வீடியோவில் பேசியபோது, நான் வாய் திறந்து பதில் சொல்லாமல் திரும்பத் திரும்ப உங்கள் முகத்தை அணைத்துவிட்டேன் என்று ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. அண்ணா, நான் அணைக்கவில்லை. அதுவாக அணைந்தது. போனிலேயே பேசியிருக்கலாமே என்பீர்கள். குலத்துப் பெரியவர் பெண் கேட்டு வரும்போது அவரை உள்ளங்கை அகலத்தில் வைத்துப் பார்ப்பது மரியாதையா? அதனால்தான் ரிஹாம் கல்லூரிக்குக் கொண்டுபோகும் லேப்டாப்பை அவளிடம் இரவல் வாங்கினேன். அதையும் வெறும் மேசையில் வைக்க மனம் வரவில்லை. நீங்கள் நேரில் வந்தால் எங்கே உட்காருவீர்கள்? கூடத்தின் தலைமாட்டில், கம்பளி மெத்தையில். அங்கேயேதான் வைத்தேன். இரண்டு பக்கமும் திண்டு போட்டேன். எதிரே சாம்பிராணி புகையவிட்டேன். ஸாஹிரா பன்னீர் தெளித்தாள், உங்கள் தாடியில்கூட நாலு துளி விழுந்தது. நேரில் வந்திருந்தாலும் இதைவிட மேலாக யாராலும் கவனித்திருக்க முடியாது.

நீங்களும் குறை வைக்கவில்லை. சலாம் சொன்னீர்கள், என் முட்டிவலியைக் கேட்டீர்கள், நான் உங்கள் சர்க்கரையைக் கேட்டேன், பேரப்பிள்ளைகளை, அண்டை வீட்டாரை, உங்கள் மருமகள் வளர்க்கும் பூனையைக்கூடக் கேட்டேன். பிறகு நம் பாட்டனார்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எழுப்பி உட்கார வைத்தீர்கள். கடைசியில் காப்பிக் கோப்பையை உதட்டருகே கொண்டுபோய், குடிக்காமல் கீழே வைத்து, “ஜப்பாரு, நாங்க கேட்டு வந்ததுக்கு நீ ஒரு பதில் சொல்லு. அதுவரைக்கும் இந்தக் காப்பி என் வாயில படாது” என்றீர்கள். நான் தொண்டையைக் கனைத்து, பிஸ்மில்லாஹ் சொல்லி வாயைத் திறந்தேன். கறுப்பு. திரையில் என் மூஞ்சிதான் தெரிந்தது.

தொட்டுப் பார்த்தால் ரொட்டி சுடலாம் போலிருந்தது. ஸாஹிரா நனைத்த துண்டைக் கொண்டுவந்தாள். நான் விசிறினேன். இவள், என் மகள், கம்ப்யூட்டர் படிப்பில் கடைசி வருடம், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். “என்னம்மா, உன் சாமான்தானே, ஏதாவது பண்ணேன்” என்றால், “வாப்பா, ஒரு மெத்தை பத்தாது போல. பெரியவரை இன்னும் கொஞ்சம் உசத்தி உட்கார வைங்க” என்று இன்னொரு மெத்தையைக் கொண்டுவந்து போட்டாள். எவ்வளவு மரியாதை தெரிந்த பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் ஆறியதும் மறுபடி கூப்பிட்டோம். மறுபடி சலாம், மறுபடி முட்டி, சர்க்கரை, பூனை, பாட்டனார்கள். நீங்கள் கோப்பையைத் தொட்டீர்கள், இங்கே திரை செத்தது.

மூன்றாம் முறை கூப்பிடும் முன் நான் ஸாஹிராவிடம் கெஞ்சினேன். “அடியே, இந்தத் தடவை எடுத்த எடுப்புல சம்மதம்னு சொல்லித் தொலைச்சிடுறேன்.” அவள் முறைத்தாள். “சுகம் கூட விசாரிக்காம பொண்ணைக் கொடுத்தா, எப்படா தள்ளிவிடலாம்னு இருந்தோம்னு நினைக்க மாட்டாங்களா? உங்களுக்கு அறிவு எங்கே போச்சு?” அவள் சொல்வதும் நியாயம்தானே. நம் மரியாதை விசாரிப்பெல்லாம் முடிய எவ்வளவு நேரமாகிறதோ அவ்வளவு நேரம்தான் அந்தச் சனியனுக்கு ஆயுசு. மூன்றாம் முறை நீங்கள் பாட்டனார்களைத் தாண்டவே இல்லை. அதற்குள் போய்விட்டது. தெருவில் ஜெனரேட்டரும் நின்றது, ஏர்கூலரும் நின்றது. நான் தலையில் அடித்துக்கொண்டதை நல்லவேளை நீங்கள் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நீங்கள் போனை எடுக்கவில்லை. அந்தக் கோப்பை இன்னும் உங்கள் சாப்பாட்டு மேசையில் அப்படியே இருப்பதாகவும், யாரையும் கழுவ விடாமல் நீங்கள் காவல் இருப்பதாகவும், அதைச் சுற்றித்தான் எல்லோரும் சாப்பிடுவதாகவும் லைத் ஸாஹிராவுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறான். அண்ணா, ஒரு பொட்டி சூடானதற்காக என் மகளின் வாழ்க்கை நின்றுவிடக் கூடாது. ஆகவே வாயால் சொல்ல முடியாமல் போனதை இதோ கையால் எழுதுகிறேன்: எங்களுக்குச் சம்மதம். நீங்கள் கேட்டு வந்தது கிடைத்தது. காப்பியைக் குடியுங்கள். ஆறிப்போயிருந்தால் சுடவைத்தாவது குடியுங்கள்.

அண்ணி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், அந்தப் பூனை, அனைவருக்கும் என் சலாம். உங்கள் நிழல் எங்கள் மேல் நீண்டு விழ இறைவன் அருளட்டும்.

என்றும் உங்கள் தம்பி,
ஜப்பார்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ரிஹாமிடம் வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்து, “வாப்பா, அந்த லேப்டாப்பை மேசையில வச்சா நாள் முழுக்க ஓடும். காத்து போற வழி அதோட அடியில இருக்கு. கம்பளியில வச்சா மூச்சு முட்டி நின்னுடும்” என்றாள். “அது தெரிஞ்சுமா ரெண்டாவது மெத்தையைப் போட்டே?” என்றேன். “தெரிஞ்சுதான் போட்டேன். முட்டியைக் கேட்டீங்க, சர்க்கரையைக் கேட்டீங்க, மால்மோவுல இருக்கிற பூனையைக்கூடக் கேட்டீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?” எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் நான் கேட்கவில்லைதான். வெட்கமாக இருந்தது. “சரி, இப்ப கேக்குறேன், சொல்லு” என்றேன். “லைத் நல்லவன்தான். எனக்கு வேண்டாம் வாப்பா. அந்தப் பனிக்குள்ள போய் என்னால இருக்க முடியாது” என்றாள். பெற்றவன் ஏமாற்றப்பட்டதற்குக் கத்தியிருக்க வேண்டும். உண்மையைச் சொல்கிறேன், அவள் இந்த வீட்டிலேயே இருப்பாள் என்றதும் என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அவள் வேண்டாம் என்ற பிறகு என் சம்மதம் மார்க்கப்படியும் செல்லாது, என் மனசுப்படியும் செல்லாது. அண்ணா, மேலே நான் குடியுங்கள் என்று எழுதியதைப் படித்ததும் கோப்பையைக் கையில் எடுத்திருப்பீர்கள். கீழே வையுங்கள்.