டைட்டானியத்துக்கு ஒரு மலிவு மாற்று

ஒரு துறையின் தரம் அதன் கத்தியில் தெரிந்துவிடும் என்பதை இயக்குநர் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கண்டுபிடித்தார். அதுவரை தம் துறைக்குத் தரம் இருப்பதாகவோ, கத்தி இருப்பதாகவோ அவர் யோசித்ததில்லை.

மருத்துவமனைகளுக்கும் விடுதிகளுக்கும் போர்வையும் தலையணை உறையும் வழங்குகிற துறை அது. குளிர்காலத்துப் போர்வைகள் அன்றுதான் கிடங்கில் வந்து இறங்கியிருந்தன. நைலான் பட்டையால் இறுக்கி, முனைகளைத் தகரத்தால் நசுக்கிப் பூட்டிய பெரிய பெரிய கட்டுகள். கிடங்குக்காரர் வழக்கம்போலத் தம் கத்தியோடு முதல் கட்டின் முன்னால் குந்தினார். அது ஒரு காய்கறிக் கத்தி. பிடி உடைந்து வருஷமாகிவிட்டது. அந்த இடத்தில் சைக்கிள் டியூபைச் சுற்றி வைத்திருந்தார்.

இயக்குநர் அப்போதுதான் உள்ளே வந்தார். வெளிநாட்டுக் கருத்தரங்கு ஒன்றிலிருந்து திரும்பியிருந்தார். அவருடைய சட்டைப் பையின் விளிம்பில் சாம்பல் நிறத்தில் ஓர் உலோகக் கிளிப் தெரிந்தது. கிளிப்பின் மறுபக்கம், பைக்குள், டைட்டானியம் மடக்குக் கத்தி தொங்கியது. கருத்தரங்கில் எல்லாரும் வைத்திருந்தார்களாம். கருத்தரங்கு தலையணை உறைகளைப் பற்றியது.

"இது என்னய்யா?"

"கத்தி சார்."

"இதை வச்சா அரசாங்கத்துக் கட்டைப் பிரிக்கிறீங்க?"

"நல்லா வெட்டும் சார்."

"வெட்டுமான்னு நான் கேக்கவே இல்லையே."

இயக்குநர் தம் கத்தியை எடுத்துக் கட்டைவிரலால் தட்டினார். டிக் என்று திறந்தது. மறுபடி தட்டினார். டிக் என்று மூடியது. எதையும் வெட்டாமலே பைக்குள் போனது. "வித்தியாசம் தெரியுதா?" என்றார். கிடங்குக்காரர் தெரிகிறது என்றார். இருபது வருட வேலையில் அவர் கற்ற பதில்களில் அது முக்கியமானது.

மதியமே உத்தரவு வந்தது. கருவிசார் கண்ணியத்தைக் கருத்தில் கொண்டு பழைய கத்தி உடனடியாகத் திரும்பப் பெறப்படுகிறது. புதிய கத்தி வழங்கப்படும்வரை கட்டுகளின் தற்போதைய நிலை பேணப்பட வேண்டும்.

டைட்டானியம் கத்தி ஒன்றின் விலையில் ஒரு ஸ்கூட்டர் வாங்கலாம் என்று கணக்கு அதிகாரி சொன்னதால், நேரடியாக வாங்க முடியாமல் போயிற்று. 'டைட்டானியம் மடக்குக் கத்திக்கு நிகரான மலிவு மாற்றுகளைக் கண்டறியும் குழு' அமைக்கப்பட்டது. இயக்குநர் தலைவர். கணக்கு அதிகாரி உறுப்பினர். கத்திகளைப் பற்றி வீடியோ போட்டுப் பேர் வாங்கியிருந்த இயக்குநரின் அக்கா மகன் வல்லுநர். கிடங்குக்காரர் உறுப்பினர்-செயலர்.

முதல் கூட்டம் முடிந்து கிடங்குக்காரர் திரும்பியதுமே கிடங்கு வாசலில் ஆஸ்பத்திரி வேன் வந்து நின்றது. இறங்கியவர் முதியோர் வார்டின் நர்ஸ். கிடங்குக்காரருக்குச் சொந்த அண்ணி.

"போர்வை வந்துருச்சாமே தம்பி. ஏத்தலாமா?"

"வந்துருச்சு அண்ணி. ஆனா பிரிக்க முடியாது. நிலை பேணணும்."

"என்ன நிலை?"

"கட்டோட நிலை."

அண்ணி கட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எங்க வார்டு நிலை தெரியுமா? கிழடுங்க எல்லாம் செய்தித்தாளைப் போத்திக்கிட்டுப் படுத்திருக்குதுங்க. ராத்திரி ஒருத்தர் புரண்டா வார்டு முழுக்க சரசரன்னு சத்தம். நேத்து ஒரு தாத்தா பக்கத்துக் கட்டில்காரர் மேல இருந்த விளையாட்டுப் பக்கத்தை உருவிட்டாருன்னு சண்டை." சொல்லிக்கொண்டே கோட்டுப் பையிலிருந்து கத்திரிக்கோலை எடுத்தார். "நகருங்க. நானே வெட்டிக்கிறேன்."

கிடங்குக்காரர் கட்டுக்கும் கத்திரிக்கோலுக்கும் நடுவில் கையை நீட்டினார். "வேண்டாம் அண்ணி. என் வேலை போயிடும். ஒரே வாரம். குழு போட்டாச்சு."

"குழு போட்டாச்சா?" அண்ணி கத்திரிக்கோலைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "அப்ப நான் செய்தித்தாள் வாங்கப் போறேன்."

அந்த வார்த்தை கிடங்குக்காரருக்குச் சுருக்கென்றது. எப்படியாவது குழுவைச் சீக்கிரம் முடித்துவிடுவது என்று அன்றே தீர்மானித்தார். குழுவைச் சீக்கிரம் முடிக்க நினைத்த முதல் உறுப்பினர்-செயலர் அவராகத்தான் இருப்பார்.

இரண்டாம் கூட்டத்தில் அடிப்படைக் கேள்வி ஒன்று எழுந்தது. மாற்று என்றால், எதற்கு மாற்று? இயக்குநரின் கத்தி அவருடைய சொந்தச் சொத்து. அதை அரசு ஒப்பீட்டுக்குப் பயன்படுத்துவது முறையல்ல. ஆகவே ஒப்பீட்டு மாதிரியாகத் தலைக்கு ஒரு டைட்டானியம் கத்தி வாங்கத் தீர்மானமாயிற்று.

"செலவு கூடுமே" என்றார் கிடங்குக்காரர்.

கணக்கு அதிகாரி பொறுமையாக விளக்கினார். "எவ்வளவு மிச்சம் பிடிச்சோம்னு காட்டணும்னா, எவ்வளவு செலவாகும்னு தெரியணும் இல்லையா? வாங்கினாத்தான் தெரியும்."

உறுப்பினர்-செயலர் என்பவர் விதிப்படி உறுப்பினர் அல்ல என்பதால் கிடங்குக்காரருக்கு மாதிரி கிடைக்கவில்லை.

அதன்பின் கடைகளிலிருந்து மாற்றுகள் வந்தன. எஃகுப் பிடி, அலுமினியப் பிடி, பிளாஸ்டிக் பிடி, டைட்டானியம் மாதிரியே சாயம் பூசிய பிடி. வல்லுநர் ஒவ்வொன்றையும் காதருகே வைத்துத் திறந்தார்.

"இது 'டக்'ங்குது சார். நமக்கு 'டிக்' வேணும்." அலுவலகத்துக்குள் மாமாவை அவர் சார் என்றுதான் கூப்பிடுவார். "இன்னொண்ணு பாருங்க, இது கனம். பையை இழுக்குது. நெஞ்சு சரிஞ்ச மாதிரி தெரியும்."

"வெட்டிப் பாக்கலாமா சார்?" என்று கிடங்குக்காரர் கேட்டார். "நம்ம கிடங்குலயே கட்டு இருக்கு. சோதனைக்குச் சோதனையும் ஆச்சு."

பெரியவர்கள் கூடிய இடத்தில் உள்ளாடையைப் பற்றிப் பேசியவரைப் பார்ப்பதுபோல எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

"கட்டை வெட்டினா அது பயன்பாடு" என்றார் இயக்குநர். "பயன்பாட்டுக்கு ஒப்புதல் வேணும். ஒப்புதல் குடுக்கத்தான் இந்தச் சோதனை. சுத்திச் சுத்தி வராதீங்க."

இதற்குள் அலுவலகம் முழுக்கக் கத்தி பரவிவிட்டது. குழு நிராகரித்த மாற்றுகளை ஊழியர்கள் சொந்தக் காசில் வாங்கினார்கள். மதிய நேரத்தில் மாடிக்கு மாடி டிக், டக் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. கிளிப் வெளியே தெரியாமல் நடப்பவர்களிடம், உடம்புக்கு ஏதும் சரியில்லையா என்று விசாரித்தார்கள். வெட்டுவதற்கு ஒன்றும் இல்லாததால் ஆளாளுக்குத் தம் விரலை வெட்டிக்கொண்டார்கள். கட்டுப்போட்ட விரல்கள் பெருகவே, கட்டடத்துக்குள் எந்தக் கத்தி அலகும் வரக்கூடாதென்று பாதுகாப்புப் பிரிவு உத்தரவு போட்டது. வாசல் காவலர் பைகளைத் தடவிக் கத்திகளைப் பிடுங்கினார். குழுவின் மாதிரிகள் மட்டும் உறுப்பினர்களின் வீட்டுப் பாதுகாப்பில் வைக்கப்பட்டன.

ஐந்தாம் கூட்டம் இந்தச் சிக்கலை ஆராயக் கூடியது. அன்று காலையில்தான் அண்ணி மறுபடி வந்து போயிருந்தார். திட்டவில்லை. "தம்பி, பழைய செய்தித்தாள் இருந்தா குடுங்க. ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரா இருந்தா நல்லது, பக்கம் ஜாஸ்தி" என்று மட்டும் கேட்டார். அதைவிட அவர் திட்டியிருக்கலாம்.

"கத்தி வேணும், அலகு கூடாது" என்றார் இயக்குநர். "டைட்டானியத்துக்குச் சமமாவும் இருக்கணும். விலையும் கட்டுப்படியாகணும். இப்ப என்ன பண்றது?"

கிடங்குக்காரருக்கு வாழ்க்கையில் முதல் முறையாக அலுவலகத்தில் கோபம் வந்தது. கோபம் வந்து பழக்கமில்லாததால் குரல் உயரவில்லை. "எப்படியும் வெளிய தெரியறது கிளிப்தானே சார். பேசாம கிளிப் மட்டும் வாங்கிடலாம்."

சொன்னவுடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். வல்லுநர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அருமை சார். எடை இல்லை. துரு இல்லை. சாணை வேண்டாம். விரல் போகாது."

"தலைக்கு என்ன விலை வரும்?" என்றார் கணக்கு அதிகாரி. விலையைக் கேட்டதும் அவர் கண் கலங்கியது. "டைட்டானியத்திலேயே வாங்கலாமே."

"நான் சும்மா சொன்னேன் சார்" என்றார் கிடங்குக்காரர்.

"பெரிய யோசனையெல்லாம் சும்மாதான்யா வரும்" என்றார் இயக்குநர்.

மறுக்கலாமா என்று கிடங்குக்காரர் யோசித்தார். மறுத்தால் ஆறாம் கூட்டம். ஒப்புக்கொண்டால் நாளைக்கே கட்டுகளின் நிலை நீங்கும். அறிக்கையை அன்று மாலையே எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டார். 'தோற்றத்தில் முற்றிலும் நிகரானதும், செயல்பாட்டில் விபத்துக்கு இடமளிக்காததுமான மாற்று' என்ற வரி தாம் எழுதியதுதானா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. இரண்டு முறை படித்துப் பார்த்தார்.

அறிக்கை எல்லாத் துறைகளுக்கும் அனுப்பப்பட்டது. இரண்டு வாரம் கழித்து நடந்த பாராட்டுக் கூட்டத்தில் இயக்குநர் தம் கையாலேயே கிடங்குக்காரரின் சட்டைப் பையில் கிளிப்பை மாட்டிவிட்டார். சைக்கிள் டியூப் சுற்றிய பழைய கத்தி, முற்காலக் கருவி என்ற அட்டையோடு வரவேற்பறைக் கண்ணாடிப் பெட்டிக்குள் போயிற்று. பெட்டியின் சாவியை வைத்துக்கொண்டு இயக்குநரும், மாதிரிக் கத்திகளை எடுத்துக்கொண்டு உறுப்பினர்களும், இந்தச் சாதனையை விளக்க வெளிநாட்டுக் கருத்தரங்குக்குக் கிளம்பினார்கள்.

மறுநாள் காலை கிடங்குக்காரர் கண்ணாடி முன்னால் வழக்கத்தைவிடச் சற்று நேரம் நின்றார். நெஞ்சில் கிளிப் நன்றாகத்தான் இருந்தது. வாசல் காவலர் முதன்முறையாக எழுந்து நின்றார். அண்ணிக்கு அவரே போன் செய்தார். "வேனைக் கொண்டாங்க அண்ணி. எல்லாம் முடிஞ்சிருச்சு."

அண்ணி வந்து இறங்கியதும் கிளிப்பைத்தான் பார்த்தார். "பரவாயில்லையே தம்பி. கடைசியில கத்தி குடுத்துட்டாங்க. எடுங்க, வெட்டுங்க."

கிடங்குக்காரரின் கை பைக்குப் போயிற்று. கிளிப்பை எடுத்தார். அதன் கீழே கிளிப்பின் மறுமுனை மட்டும் இருந்தது. பிறகு, அண்ணியின் கோட்டுப் பையில் கத்திரிக்கோலின் இரண்டு வளையங்கள் தெரிவதைப் பார்த்தார். உயிர் வந்தது.

"அண்ணி, இப்ப தடை இல்லை. உங்க கத்திரிக்கோல்லயே வெட்டிடலாம்."

அண்ணி பைக்குள் கைவிட்டு எடுத்தார். இரண்டு வளையங்கள். பளபளவென்று, புதுசு. அவற்றுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

"போன வாரம் குடுத்தாங்க" என்றார். "பழசையெல்லாம் வாங்கிட்டுப் போயிட்டாங்க. உங்க அறிக்கையை எங்க பெரிய டாக்டர் படிச்சாராம். கீழ உங்க கையெழுத்தைப் பாத்தேன். உங்க அண்ணன்கிட்ட பெருமையா காட்டினேன்."

"ஆபரேஷன் பண்ற இடத்துல?"

"அங்க அடுத்த மாசம்தான்."

வேறு வழி இல்லை. கட்டைக் கட்டாகவே ஏற்றிக்கொண்டு போவது, வார்டில் யாருக்காவது பல் இருந்தால் பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. கிடங்குக்காரர் கிளிப்பைப் பழையபடி நெஞ்சில் மாட்டிக்கொண்டு கட்டைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். வேனில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது கிளிப் நைலான் பட்டையில் மாட்டிக்கொண்டது. இழுத்தார். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார்.

பட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருடைய சட்டை பையிலிருந்து இடுப்புவரை கிழிந்தது.

அண்ணி கிழிசலை உன்னிப்பாகப் பார்த்தார்.

"நல்லா வெட்டுதே தம்பி" என்றார்.