கழற்றி மாட்டிய மெமரி

"அப்பா, கம்ப்யூட்டருக்கு வயிறு இருக்கா?" என்று மூன்றாம் வகுப்பு வினிதா ஒருநாள் கேட்டாள். அன்று சுபாஷ் சிரித்துவிட்டான். இன்று ஓசூர் தொழிற்சாலையில் அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

எட்டு வருட வருகைப் பதிவு, பழைய மென்பொருளிலிருந்து ஒரே ஸ்கிரிப்டாக வந்திருந்தது. அதைப் புதிய டேட்டாபேஸில் ஓட்டிப் பட்டியல் எடுத்து, மூன்று மணிக்குள் மேனேஜரிடம் தரவேண்டும். தவறினால், ஊத்தங்கரையிலிருந்து பஸ் ஏறி வரும் நாற்பது ஒப்பந்தத் தொழிலாளர்கள் பணி நிரந்தரத்துக்கு இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும்.

பாதியில் ஸ்கிரிப்ட் நின்றது. மெமரி போதவில்லை என்றது திரை.

தன் கம்ப்யூட்டரில் ஓடிய மற்ற புரோகிராம்களை எல்லாம், கேன்டீன் டோக்கன் உட்பட, மூடினான். உடனே கேன்டீன் கருப்பசாமியிடமிருந்து போன்.

"சார், டோக்கன் வரல. எரநூறு பேரு தட்டோட நிக்கறாங்க."

"பேரை எழுதிக்கிட்டுச் சோத்தைப் போடுங்கண்ணே."

"எழுதறதா, போடறதா? எனக்கு ரெண்டு கைதான் சார்."

மறுபடி ஓட்டினான். மறுபடி நின்றது.

டெஸ்பாட்ச் பிரிவில் காவியா சாப்பிடப் போயிருந்தாள். ஓசூர் மலைமேல் இருக்கும் சந்திரசூடேஸ்வரரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அவள் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு மெமரி சிப்பைக் கழற்றித் தன்னுடையதில் மாட்டினான். ஸ்கிரிப்ட் முக்கால்வாசி ஓடிப் படுத்துக்கொண்டது.

காவியா வந்தாள். "என் மெஷின் நகரவே மாட்டேங்குது சார். வாசல்ல மூணு லாரி நிக்குது."

"வைரஸா இருக்கும்மா," என்றான், திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

ஏனோ அவள் சண்டை போடவில்லை. "பரவால்ல சார், கையாலயே பில் எழுதிக்கறேன்," என்று போய்விட்டாள். அந்தப் பொறுமைதான் அவனைச் சுட்டது.

நிதானமாக யோசித்தான். எட்டு வருடத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டாமல், மாதம் மாதமாகப் பிரித்துத் தரும்படி பழைய மென்பொருளைக் கேட்டான். சின்னச் சின்ன ஸ்கிரிப்டுகள் ஒவ்வொன்றாக, முனகாமல் உள்ளே போயின. மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பட்டியல் வந்தது. நாற்பது பேரும் இருந்தார்கள்.

மாலையில் காவியா கம்பெனி பஸ் ஏறியதும், சிப்பை அவள் கம்ப்யூட்டரிலேயே மாட்டிவிட்டு வந்தான். யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை அவன் கம்ப்யூட்டர் வேகத்தில் பறந்தது. சந்தேகப்பட்டுத் திறந்தான். உள்ளே, ஒன்று மட்டும் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு சிப். தன் கையால் திருப்பி மாட்டியது, நடந்தா வந்தது?

பெருக்கிக்கொண்டிருந்த கெம்பம்மா நிமிர்ந்தாள்.

"காவியாம்மா வெள்ளனே வந்து மாட்டுனாங்க. சொல்லவேணான்னாங்க சார். போன மாசம் நீங்க லீவுல போனப்ப, உங்க பொட்டியிலருந்துதான் அதைக் கழட்டுனாங்க. நான்தான் டார்ச்சு புடிச்சேன்."