லண்டன் பெட்டியும் அமெரிக்கா பெட்டியும்

வீட்டுக்கு ரேடியோதான் வரவேண்டும் என்று கலீலுல்லா முடிவு செய்துவிட்டார். முடிவு செய்தபோது அவர் மனைவி சுபைதா பக்கத்தில் இல்லை. அவருடைய முடிவுகள் எல்லாமே அந்த மாதிரி நேரம் பார்த்துத்தான் பிறக்கும்.

விஷயம் இதுதான். வாணியம்பாடியில் தோல் ஷாப் வைத்திருந்த ஒரு முதலாளிக்காக மலைமேல் ஜமுனாமரத்தூரில் குடியிருந்து, மலைக்காரர்களிடம் தோல் பதனிட வேண்டிய கடுக்காயும் ஆவாரம்பட்டையும் கொள்முதல் செய்வது கலீலுல்லாவின் வேலை. போன வருஷம் முதலாளி தோல் கண்காட்சிக்காக லண்டன் போனபோது, பெட்டி தூக்கவும் பிரியாணி ஆக்கவும் இவரையும் கூட்டிப்போனார். அந்தக் குளிரிலும் வாய்க்கு ருசியாகச் சாப்பிட்ட சந்தோஷம் முதலாளிக்கு. "மெட்ராஸ்லேர்ந்து உன் வூட்டுக்கு ஒரு சாமான் வாங்கித் தர்றேன், இன்னா வோணும்னு சொல்லு" என்றார். ஒரு சாமான். இரண்டு கிடையாது. கலீலுல்லா பட்டை ஏற்றிப்போகும் லாரிக்காரனிடம் ரேடியோ என்று சொல்லி அனுப்பினார். அதே லாரியில் சுபைதா தையல் மிஷின் என்று சொல்லி அனுப்பினாள். முதலாளி இரண்டையும் கேட்டுவிட்டு, "மொதல்ல புருஷனும் பொண்டாட்டியும் பேசி முடிங்க" என்று சொல்லிவிட்டார்.

பேச்சு முடியவில்லை. முடியாததற்குக் காரணம் லண்டன்.

லண்டனில் கலீலுல்லா, நம் நாட்டுக்கு இன்னும் வராத டெலிவிஷனைப் பார்த்தார். பெட்டிக்குள் நாடகம் நடப்பதைப் பார்த்தார். உண்மையைச் சொல்லிவிடுவோம்: ஒரு கடையின் கண்ணாடிக்கு வெளியே, தெருவில் நடுங்கிக்கொண்டு நின்று பார்த்தார். படம் தெரிந்தது. சத்தம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் புரிந்திருக்காது. மலைக்குத் திரும்பியதும் இந்தக் கண்ணாடி விஷயத்தை மட்டும் விழுங்கிவிட்டு, மிச்சத்தை ஒரு சித்தாந்தமாகவே ஆக்கிவிட்டார்.

"லண்டன்காரன் நாடகத்துல கத்தமாட்டான் தெரியுமா? புருவத்த இப்படித் தூக்குவான். அவ்ளோதான். அதுலயே எல்லாம் சொல்லிடுவான். தரம்னா அதான் தரம்!"

"பொம்பளைங்க?" என்றாள் சுபைதா.

"புருஷனுக்குக் கோட்ட மாட்டிவுடுவாங்க. தொப்பிய எடுத்துக் குடுப்பாங்க. ஒரு வார்த்த பேசமாட்டாங்க."

"ஐயோ பாவம், ஊமையா?"

"ஊமை இல்ல சுபைதா, நாகரிகம்!"

இப்படி வாரத்துக்கு ஒரு லண்டன் நாடகம் சொல்லி, அதில் வரும் பெண்டாட்டிமார்களை வரிசையாக நிற்கவைத்துத் தன் பெண்டாட்டியைத் திருத்தப் பார்த்தார். ஒரு நாடகத்தில் புருஷன் இருமியதும் வெந்நீர் வந்தது. இன்னொன்றில் அவன் இருமுவதற்கு முன்பே வந்தது. சுபைதா பொறுத்துப் பார்த்தாள். பெருநாளுக்கு வாணியம்பாடியில் தாய்வீட்டுக்குப் போனாள். அங்கே அவள் தம்பி ஃபரூக், தோல் பதனிடும் படிப்புக்காக அமெரிக்கா போய்விட்டுக் கப்பலில் வந்து இறங்கியிருந்தான். திரும்பி வந்த சுபைதாவின் கையில் கல்கண்டுப் பொட்டலம் இருந்தது. வாயில், தம்பி அங்கே டெலிவிஷனில் பார்த்த அமெரிக்க நாடகம் இருந்தது.

"இன்னாங்க, அமெரிக்கா நாடகத்துல பொண்டாட்டி குதிரை ஓட்றாளாம். துப்பாக்கி வெச்சிருக்காளாம்."

"அதெல்லாம் ஒரு நாடகமா? குதிரைச் சந்தை! பெருநாளன்னிக்கு நான் அங்க வந்தப்ப ஃபரூக்கே எங்கிட்ட சொன்னானே, பத்து நிமிசத்துக்கு ஒருதரம் நாடகத்த நிறுத்திட்டு ஒருத்தன் வந்து சோப்பு விப்பானாம். கதை பாதியில தொங்குமாம். மானங்கெட்ட பொழப்பு! எங்க லண்டன்ல நாடகத்துக்கு நடுவுல ஒருத்தன் வாலாட்ட முடியுமா?"

சுபைதா கல்கண்டுப் பொட்டலத்தை மடித்து வைத்தாள். பிறகு, "நடுவுல நிறுத்திட்டு வியாபாரம் பேசுவாங்களா?" என்று மெல்லக் கேட்டாள்.

"பேசுவாங்களாவா! ஓசியில நாடகம் காட்டறதே அதுக்குத்தான்!"

அவளுக்கு வேண்டிய ஆயுதத்தைத் தீட்டித் தன் கையாலேயே கொடுத்துவிட்டோம் என்பது அவருக்கு அப்போது தெரியாது. ஜெயித்துவிட்ட களிப்பில் ஒரு வார்த்தையும் விட்டார்.

"சந்தை அன்னிக்கு ஊர் கூடட்டும். நான் ஒரு லண்டன் நாடகம் சொல்றேன். நீ ஒரு அமெரிக்கா நாடகம் சொல்லு. எது ஒசத்தின்னு ஊர் கை தூக்கட்டும். லண்டன் ஜெயிச்சா ரேடியோ. அமெரிக்கா ஜெயிச்சா மிஷின். சம்மதமா?"

"சம்மதங்க" என்றாள் சுபைதா, கோட்டு மாட்டிவிடும் பெண்டாட்டியைப்போல அவ்வளவு அடக்கமாக.

கலீலுல்லாவின் கணக்கு சுலபமானது. கடுக்காய் நிறுக்கும் தராசு அவர் கையில் இருந்தது. எந்த ஆண்பிள்ளை அவருக்கு எதிராகக் கை தூக்குவான்?

சந்தை கலைந்த பிற்பகலில் பட்டைக் கிடங்கின் முன்னால் கூட்டம் சேர்ந்தது. ஊர்க்கவுண்டர் கோபால்சாமி நடுவர். அவர் மனைவி கெங்கம்மாள் பெண்கள் பக்கம் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தாள். தெருக்கூத்தைத் தவிர வேறு நாடகம் பார்த்திராத ஜனம். விடிய விடியப் பார்க்கப் பழகிய ஜனம். பலபேர் கம்பளியோடு வந்திருந்தார்கள்.

கலீலுல்லா கோட்டு போட்டுக்கொண்டு நின்றார். தொண்டையைச் செருமினார்.

"லண்டன்ல ஒரு பெரிய பங்களா. துரை, துரைசாணி, துரையோட தம்பி, மச்சான். டீ குடிக்கிறாங்க. திடீர்னு துரை செத்துப்போறாரு!"

கூட்டம் நிமிர்ந்தது. "எப்படி சாயபு?" என்றான் சின்னராசு. தேன் எடுக்கிறவன், ஆர்வக்காரன்.

"அதான் மர்மம்! துரைசாணி புருவத்தத் தூக்குறாங்க. தம்பி பைப்பு புடிக்கிறாரு. யாரும் ஒரு வார்த்த பேசல. போலீஸ் அதிகாரி வர்றாரு. தொப்பியக் கழட்றாரு. உட்கார்றாரு. அவருக்கும் டீ குடுக்கிறாங்க."

"இருங்க சாயபு" என்று குறுக்கிட்டாள் கெங்கம்மாள். "பொணத்த எடுத்துட்டாங்களா?"

"இல்லம்மா, பொணம் அங்கியே சோபாவுல கெடக்குது."

"பொணம் கெடக்குது. டீ எப்படி வந்துது?"

"எப்படின்னா... போட்டாங்க."

"அடுப்பு மூட்டியா?"

கலீலுல்லாவுக்கு அப்போதுதான் தன் தப்பு உறைத்தது. மலையில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், பிணம் எடுக்கும்வரை அந்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். பக்கத்து வீட்டில்கூடத் தாளிக்க மாட்டார்கள். லண்டனில் கண்ணாடி வழியாக அவர் பார்த்ததெல்லாம் டீக்கோப்பைதான். பார்த்ததைச் சேர்த்தார். சேர்த்த இடம் எழவு வீடாகப் போய்விட்டது.

"அது லண்டன் அடுப்பும்மா. மின்சார அடுப்பு. நெருப்பு இருக்காது" என்று சமாளித்தார்.

"நெருப்பு இல்லாட்டி போவுது. பொண்டாட்டிக்காரி அழுதாளா?"

"மனசுக்குள்ள அழுதா."

"மாருல அடிச்சிக்கினாளா?"

"லண்டன்ல அடிச்சிக்கமாட்டாங்க."

"பங்காளிங்களுக்கு ஆள் அனுப்பினாங்களா? கோடித்துணி போட்டாங்களா?"

"அம்மா, அதெல்லாம் நாடகத்துல வராது!"

"பொணத்தப் பக்கத்துல வெச்சிக்கினு டீ குடிக்கிற குடும்பத்துல எவன் கொன்னா இன்னா?" என்று கெங்கம்மாள் தீர்ப்பே சொல்லிவிட்டாள். "எல்லாரையும் புடிச்சி உள்ள போடுங்க!"

மர்மம் அங்கேயே முடிந்துவிட்டது. கலீலுல்லா இன்னும் இரண்டுமுறை புருவத்தைத் தூக்கிப் பார்த்தார். கண்ணில் தூசு விழுந்துவிட்டதா என்று சின்னராசு விசாரித்தான். அதற்குமேல் நிற்கமுடியாமல் உட்கார்ந்துவிட்டார். போனால் போகிறது, தராசு இருக்கிறதே என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

சுபைதா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள்.

"அமெரிக்காவுல ஒரு காடு. நம்ம மலை மாதிரிதான். அங்க ஒருத்தி தனியா குடியிருக்கா. புருஷன் சண்டைக்குப் போனவன், பல வருசமா வரல. ஒருநாள் குதிரைமேல ஒருத்தன் வர்றான். வாசல்ல நின்னு, 'நான்தான் உன் புருஷன்'ங்கறான். தாடி, மீசை. மூஞ்சி மாறிடிச்சி. ஆனா முதுகுல மச்சம் இருக்குது. வளத்த நாயி பேரச் சொல்றான். கிணறு வெட்டின வருசத்தச் சொல்றான். அவளும் சரின்னு தண்ணி குடுக்கப்போறா. அப்போ தூரத்துல இன்னொரு குதிரைச் சத்தம்..."

பின்வரிசை கம்பளியோடு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தது.

"நிறுத்து" என்று சுபைதா தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். "இப்ப விளம்பரம்."

"இன்னாது?" என்றார் கோபால்சாமி.

"அமெரிக்காவுல அப்படித்தானுங்க. கூத்துல நடுவுல கட்டியங்காரன் வர்ற மாதிரி. எங்க வூட்டுக்காரரே சொன்னாரு." அவள் ஒரு கூடையை எடுத்துக்கொண்டு பெண்கள் பக்கம் போனாள். ஒடுகத்தூர் வேர்க்கடலையும் வெல்லமும் சேர்த்துப் பிடித்த கடலை உருண்டை. ஆளுக்கு ஒன்று. கொடுத்துக்கொண்டே சொன்னாள்: "இந்த நாடகத்த உங்களுக்கு வழங்கறது சுபைதா வூட்டு தையல் மிஷினு. ஒரு ரவிக்க தைக்க சந்தவாசல் வரைக்கும் எறங்கிப் போறீங்களே, டெய்லரு இன்னிக்கு வா நாளைக்கு வான்றானே, எதுக்கு? மிஷினு வந்தா மொத ரவிக்க ஓசி. பசங்களுக்கு டவுசரும் தைப்போம்!"

பெண்கள் பக்கம் ஒரே கலகலப்பு. "இது மோசடி!" என்று கலீலுல்லா எழுந்தார்.

"நீங்கதானங்க சொன்னீங்க, ஓசியில நாடகம் காட்டறதே இதுக்குத்தான்னு?"

"உக்காருங்க சாயபு, அந்த ரெண்டாவது குதிரையில யாரு வந்தான்னு தெரியணும்" என்று சின்னராசு அவர் கோட்டைப் பிடித்து இழுத்தான். கலீலுல்லா உட்கார்ந்தார். நியாயமாகப் பார்த்தால் அவருக்கும் தெரியவேண்டியிருந்தது.

"ரெண்டாவது வந்தவனும் நான்தான் உன் புருஷன்னான்" என்று தொடர்ந்தாள் சுபைதா. "அவன் முதுகுலயும் மச்சம். நாயி பேரு அவனுக்கும் தெரியுது. ரெண்டு பேரும் ஒரே உசரம், ஒரே தாடி. அவ உள்ள போனா. துப்பாக்கிய எடுத்துக்கினு வந்தா. 'ஒரே ஒரு கேள்வி கேக்கறேன். என் புருஷனுக்கு மட்டுந்தான் பதில் தெரியும். தெரியாதவனுக்குக் குண்டு'ன்னா."

"இன்னா கேள்வி?" பாதிக் கூட்டம் ஒரே குரலில் கேட்டது. அதில் கலீலுல்லாவின் குரலும் இருந்தது.

"இப்ப விளம்பரம்."

இந்தமுறை கூடை ஆண்கள் பக்கமும் வந்தது. கலீலுல்லாவுக்கும் ஓர் உருண்டை கிடைத்தது. கோபத்தோடு வாயில் போட்டுக்கொண்டார். நன்றாகத்தான் இருந்தது.

"கேள்விய அவ காதோட காதா கேட்டா" என்றாள் சுபைதா. "மொத வந்தவன் சிரிச்சான். ரெண்டாவது வந்தவன் அழுதான். அவ ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பார்த்தா. துப்பாக்கியத் தூக்கினா. டமால்!"

அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"யாரு செத்தான்?" என்று கத்தினார் கோபால்சாமி.

"மிச்சம், மிஷினு வந்த அன்னிக்கு. அமெரிக்கா ஜெயிக்கலைன்னா நாடகம் இத்தோட சரி."

கை தூக்கச் சொன்னார்கள். பெண்கள் கை அத்தனையும் அமெரிக்காவுக்கு. ஆண்கள் தராசை நினைத்தார்கள். பெருமூச்சு விட்டு லண்டனுக்குத் தூக்கினார்கள். கோபால்சாமி எண்ணிப் பார்த்தார். மறுபடியும் எண்ணினார். இரண்டு பக்கமும் சமம்.

"சாயபு, நீங்க இன்னும் கை தூக்கல" என்றார்.

கூட்டம் முழுவதும் அவரைப் பார்த்தது. கலீலுல்லா ரேடியோவை நினைத்துப் பார்த்தார். பளபளவென்று மேஜைமேல் உட்கார்ந்துகொண்டு அது லண்டன் பேசுவதை நினைத்தார். அப்புறம், அந்த ஒருத்தன் ஏன் சிரித்தான், இன்னொருத்தன் ஏன் அழுதான் என்பதையும் நினைத்தார். சுபைதா அப்படி ஒரு கேள்வி தன்னைக் கேட்டால் தனக்குப் பதில் தெரியுமா என்றும் ஒரு பயம் வந்தது. அல்லாவே! வாழ்நாள் பூராவும் இது தெரியாமல் எப்படித் தூங்குவது?

"லண்டனுக்கா, அமெரிக்காவுக்கா?" என்றார் கோபால்சாமி.

"அமெரிக்காவுக்கு" என்றார் கலீலுல்லா, தரையைப் பார்த்துக்கொண்டு.

அதற்குப் பிறகு அவர் பட்ட பாடு சொல்லி முடியாது. மிஷின் சீக்கிரம் வேண்டும் என்று அவரே கீழே இறங்கிப்போய் முதலாளியை நச்சரித்தார். ஃபரூக்கையாவது கேட்டுவிடலாம் என்று பார்த்தால், அவன் தோல் வியாபாரமாகக் கான்பூர் போயிருந்தான். வீட்டில் காலையும் மாலையும் துப்பறிந்தார்.

"அழுதவன்தான் நெசமான புருஷன். சரியா?"

"பொறுங்க."

"அப்ப சிரிச்சவனா? ஒரு சின்ன ஜாடையாவது காட்டேன்!"

"மிஷினு வரட்டுங்க."

மிஷின் வந்தது. பட்டை ஏற்ற வந்த லாரியில், வைக்கோல் சுற்றி வந்தது. கலீலுல்லா யாரையும் தொடவிடாமல் தானே ஒரு பக்கம் பிடித்து இறக்கினார். கெங்கம்மாள் முதலாகப் பெண்கள் துணியோடு வாசலில் வந்து நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் ஆண்கள் கதைக்காக வந்து நின்றார்கள். சுபைதா எண்ணெய் விட்டாள். ஊசியில் நூலைக் கோத்தாள். சக்கரத்தை ஒருதரம் சுற்றிப் பார்த்தாள். கடகடவென்று அது ஓடியதும் அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து, கலீலுல்லாவுக்கே ஒரு நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"சரி, இப்பவாவது சொல்லு" என்று பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்தார். "எவன் செத்தான்? எவன் நெசமான புருஷன்?"

வாசலில் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

சுபைதா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"எனக்கு இன்னாங்க தெரியும்? மிச்சம் அடுத்த வாரம்னு நிறுத்திட்டாங்களாம். அந்த வாரம்தான் தம்பிக்குக் கப்பலு."