கழுதை எடுத்த முதுகு ஸ்கேன்

ஒரு காட்டில் சிங்கராஜா ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கினார். வேட்டைக்குப் போகிற இடமெல்லாம் அதைச் சுமப்பது அம்சவேணி என்ற கழுதையின் வேலை. ஏழு குட்டி பெற்ற உடம்பு. ஃப்ரிட்ஜை ஏற்றினாலே முதுகு முருங்கைக் கிளைபோல மளுக்கென்றது.

"எலும்பு தேஞ்சிருக்குன்னு டாக்டர் எழுதித் தரட்டும், விட்டுடறேன்" என்றார் ராஜா.

டாக்டர் இருளாண்டி வௌவால். காதுக்குக் கேட்காத சத்தத்தை முதுகில் செலுத்தி, அது எலும்பில் பட்டுத் திரும்புவதை டிவி மாதிரி ஒரு பெட்டியில் பார்ப்பார். கோடு மேலே போனால் கெட்டி எலும்பு, கீழே போனால் தேய்மானம். முதுகில் தடவ ஜெல்லுக்குப் பதில் தேன். தடவுகிறவர் கம்பவுண்டர் கரடி என்பதால் பாதி அவர் வாய்க்குள் போனது.

அம்சவேணியின் கோடு பாதாளத்துக்கு இறங்கியது. அவளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஆனால் கிளையில் தலைகீழாகத் தொங்கிய டாக்டருக்கு அது மலையேறுவதாகத் தெரிந்தது.

"இரும்பு முதுகும்மா உனக்கு. இன்னொரு ஃப்ரிட்ஜ்கூடத் தூக்கலாம்."

"ஐயா, கொஞ்சம் நேரா நின்னு பாருங்களேன்."

"நான் நேராத்தான் இருக்கேன். காடுதான் தலைகீழா இருக்கு."

பெட்டியையாவது திருப்பச் சொன்னாள். "ஸ்குரூ போட்டு இறுக்கியாச்சு. திருப்பணும்னா மேலிடத்து ஆர்டர் வேணும்" என்றார் கரடி, விரலை நக்கியபடி.

அம்சவேணி யோசித்தாள். ஆள் கவிழ்ந்தால் படமும் கவிழும் அல்லவா? பல்லைக் கடித்துக்கொண்டு, முன்னங்கால்களை ஊன்றி, வாலை வானத்துக்குக் காட்டித் தலைகீழாக நின்றாள். டாக்டர் பதறிப்போனார். "அடடா, எலும்பா இது, அரிச்ச பனங்கட்டை!" என்று சர்டிபிகேட் எழுதி முத்திரையும் குத்தினார்.

துள்ளிக் குதித்துத் திரும்பினால் அடுத்த டோக்கனோடு சிங்கராஜா நிற்கிறார். தாமும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமென்று வந்தவர், எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்.

"ஏ அம்சவேணி, தலைகீழா நிக்கிற முதுகா தேஞ்ச முதுகு?" என்று சர்டிபிகேட்டைக் கிழித்தார். அம்சவேணிக்கு அழுகை முட்டியது.

அடுத்து ராஜாவின் ஸ்கேன். அவர் கம்பீரமாக நேராகவே நின்றார். அவருடைய கோடு விர்ரென்று மேலே ஏறியது. டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "சுத்தமாத் தேஞ்சுபோச்சு ராஜா. இனிமே நீங்க ஓரடிகூட நடக்கக் கூடாது."

மறுநாள் வேட்டைக்குப் புறப்பட்டார்கள். கீழே அம்சவேணி. அவள்மேல் ஃப்ரிட்ஜ். ஃப்ரிட்ஜ்மேல் ராஜா.

நீதி: உடம்பு சரியில்லை என்று நிரூபிக்கிற அளவுக்கு உடம்பை நன்றாக வைத்துக்கொள்ளாதே.