பிரேக் ஷூவுக்கு எதற்குப் பை?

ஜெலுத்தோங், திங்கட்கிழமை

அன்புள்ள ஜெரமி அண்ணனுக்குத் தங்கை நட்டாலி எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் நலம். பெர்த்தில் நீயும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டும். குளிர் தாங்கவில்லை என்றால் இங்கே வந்துவிடு, வியர்வைக்குப் பஞ்சமில்லை.

விஷயம் என்னவென்றால், அப்பாவின் மோட்டார் சாமான் கடைக்கு நீ எழுதிக் கொடுத்த கணினி நிரல் படுத்துவிட்டது. பிரேக் ஷூ எங்கே என்று கேட்டால், வந்தவர் ஒரு கிளாஸ் தே தாரேக் குடித்து முடித்த பிறகுதான் பதில் வரும். தினம் காலையில் அப்பா உன்னைக் கைப்பேசியில் கூப்பிட்டு, "டேய், உன் மெஷின் இன்னும் தூங்குதுலா" என்று புகார் சொல்வது தெரு முழுக்கக் கேட்கும். வேறு நிரல் வாங்கலாம் என்றால், "மகன் செஞ்சது, தூக்கிப் போட மாட்டேன்" என்கிறார். சரி, நானும் இதே வேலையில்தானே சோறு சாப்பிடுகிறேன் என்று நேற்றுப் பூசை முடிந்து வந்து உட்கார்ந்தேன். சாமானின் பெயர், அது இருக்கும் தட்டு, விலை மூன்றையும் ஒரே முடிச்சாகக் கட்ட நீயே ஒரு டியூப்பிள் வகை செய்திருக்கிறாய். அழகுதான்; ஆனால் அப்படிச் செய்தால் அந்த நிரல் மொழி முடிச்சுக்கு முடிச்சு ஒரு வெறும் பையையும் மாட்டிவிடும், பின்னால் வேறு விவரம் வந்தால் போட்டுக்கொள்ளவாம். நீயோ கடையிலுள்ள ஒவ்வோர் ஆணிக்கும் தனி முடிச்சு போட்டிருக்கிறாய், அத்தனை பையை நினைவகம் எப்படித் தாங்கும்? எனக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டது. அம்மா இருந்த காலத்தில், தாசேக் கெலுகோர் சித்தி வீட்டுக்கு ஃபெரியில் போகும்போதெல்லாம் ஆளுக்கொரு காலிப் பை கொடுத்து, "இருக்கட்டும், ஏதாச்சும் குடுத்தா என்னா செய்வ?" என்பார். சித்தி ஒருநாளும் ஒரு வாழைப்பழம்கூடக் கொடுத்ததில்லை. அம்மாவும் அந்தப் பைகளைத் துவைத்து மடித்து வைக்காமல் இருந்ததில்லை. அந்த அம்மா பெற்ற பிள்ளை எழுதிய நிரல் வேறு எப்படி இருக்கும் என்று சிரித்தேன், கொஞ்சம் அழவும் செய்தேன். பிறகு, பை வேண்டாம் என்று சொல்லும் ஒரே ஒரு வரியைச் சேர்த்தேன். இப்போது வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் பதில் வந்துவிடுகிறது. இனி அப்பா உன்னைத் தொந்தரவு செய்யமாட்டார்.

அண்ணிக்கு என் அன்பு. மாதா உங்கள் வீட்டுக்குக் குறை வைக்காதிருக்கட்டும்.

தங்கை,
நட்டாலி

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போட மறந்ததும் நல்லதாகப் போயிற்று. இந்த வாரம் முழுக்க அப்பா கைப்பேசியை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார். "அண்ணனக் கூப்பிட வேண்டியதுதானே?" என்றேன். "மெஷின் நல்லா ஓடுதே, என்னான்னு சொல்லிக் கூப்பிடறது?" என்றார். அந்த வரியை இன்று எடுத்துவிட்டேன். இனிப் பழையபடி தினம் காலையில் கூப்பிடுவார், எடு.